ஊசிமுனை கேட்கும் ஓசைகள்



இசைத்தட்டின்மீது ஓடும் ஊசிக்கு எது பாட்டு, எது இரைச்சல் என்று பிரித்தறியத் தெரியாது. தன்னை அசைக்கின்ற எதையும் அது மின்னலையாக மாற்றி அனுப்பிவிடும். நாகசுரத்தின் கமகமும் தெருவில் போகும் லாரியின் உறுமலும் அதற்கு ஒன்றே. உயர்தரமான இசைத்தட்டுச் சுழலிகளை வடிவமைப்பவர்களின் முழு உழைப்பும் இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே அமைந்துள்ளது. பாட்டைத் தவிர வேறெதுவும் ஊசியை அசைக்கக்கூடாது. இதைப் பற்றி நான் அறிந்துகொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். வகுப்பறைக்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பின்னர் சொல்கிறேன்.

என் தாய்மாமன் ஒரு பணிமனையில் இயந்திரம் பொருத்துநராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஈப்போவில் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் வசிக்கிறார். பலகைத் தரை, கீழே பெருஞ்சாலை. இளமையிலிருந்து சேர்த்த தமிழ் இசைத்தட்டுகள் ஏறத்தாழ முந்நூறு அவரிடம் உள்ளன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு விலையுயர்ந்த சுழலியை, பிறர் பயன்படுத்தியதுதான், வாங்கி வந்தார். அத்தைக்கு அதன் விலை தெரிந்ததும் வீட்டில் சில நாள் பேச்சுவார்த்தை இல்லை. நான் சமாதானம் பேசப் போனபோது மாமா சொன்னது இதுதான்: "சத்தம் கூட வேணாம்மா. தெளிவா இருந்தா போதும். வலது காது போயிட்டு வருது." அவருக்குச் செவித்திறன் குறைந்து வருவதை வீட்டில் அதுவரை யாரும் அறிந்திருக்கவில்லை.

அந்தக் கருவியின் ஒவ்வொரு பாகத்துக்கும் அவர் எனக்குப் பாடம் நடத்தினார். முதலில் அளவுகளைப் பாருங்கள். நெடுந்தட்டின் பள்ளம் ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறுகலானது. அதில் மெல்லிய இசையின் நெளிவுகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கையும்விடச் சிறியவை. ஊசி தரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்டுதான். அதைப் பன்மடங்கு பெருக்கியாக வேண்டும். இன்னொன்றும் உண்டு. தட்டை வெட்டும்போது தாழ்ந்த சுரங்களின் வலிமையைக் குறைத்துப் பதிக்கிறார்கள். இல்லையேல் பள்ளங்கள் அகன்று ஒன்றையொன்று வெட்டிவிடும். ஒலிக்கும்போது அந்தக் குறையை ஈடுசெய்கிறார்கள். 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட 20 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ 9 மடங்கு கூடுதலாகப் பெருக்கப்படுகிறது. மோட்டாரின் நடுக்கமும் தரையின் அதிர்வும் பெரும்பாலும் இந்தத் தாழ்ந்த பகுதியில்தான் உள்ளன. ஆகவே அவையும் சேர்ந்தே பெருகுகின்றன. ஒலியைக் கூட்டினால் தெளிவு வரும் என்பது இங்கே பொய்த்துப் போகிறது.

முதல் பகைவன் கருவிக்குள்ளேயே இருக்கிறான். அவன் மோட்டார். பழைய சுழலிகளில் இரப்பர்ச் சக்கரம் ஒன்று மோட்டாரையும் சுழல்தட்டையும் நேரடியாகத் தொட்டு நின்றது. நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் நிமிடத்திற்கு 1500 சுற்றுகளை நெருங்கிச் சுழலும். அதாவது வினாடிக்கு 25 முறை. அந்த நடுக்கம் நேராக இசையின் அடிப்பகுதியில் வந்து விழும். மெதுவாகச் சுழலும் 24 துருவ மோட்டாரோ நிமிடத்திற்கு 250 சுற்றுகள்தாம். வினாடிக்கு நான்கை மட்டுமே தாண்டும் அந்த நடுக்கம் செவிக்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது. எஞ்சிய துடிப்பை நடுவிலுள்ள இரப்பர்ப் பட்டை பெருமளவு விழுங்கிவிடும். 1970இல் ஜப்பானின் டெக்னிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட எஸ்.பி.10 வேறு வழியில் சென்றது. அதில் மோட்டாரே நிமிடத்திற்கு 33⅓ சுற்று சுழல்கிறது. இடையில் சக்கரமும் இல்லை, பட்டையும் இல்லை.

இரண்டாம் பகைவன் தரை வழியே வருபவன். அவனை எதிர்கொண்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான எட்கர் வில்ச்சூர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி மீட்டல் பற்றி வகுப்பு எடுத்தவர். நம் இனம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்! 1961இல் அவருடைய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் ஒரு சுழலியை வெளியிட்டது. சுழல்தட்டும் ஊசியைத் தாங்கும் கையும் ஒரே உட்சட்டகத்தில் இறுக்கமாகப் பொருத்தப்பட்டன. அந்தச் சட்டகம் சுருள்வில்களால் தாங்கப்பட்டது. மோட்டார் வெளியே அடிப்பெட்டியில் நின்றது. ஊசி உணர்வது தட்டுக்கும் தனக்கும் இடையிலுள்ள அசைவை மட்டுமே. இரண்டும் ஒரே படகில் அமர்ந்திருந்தால் படகு ஆடினாலும் அவற்றிடையே மாற்றம் ஏற்படாது. ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் 1970களில் புகழ்பெறச் செய்த சோண்டெக் எல்.பி.12 சுழலியும் இந்த வழியைச் சேர்ந்ததே.

சுருள்வில்லின் கணக்கு எளிது. தாங்கும் எடையால் அது ஒன்றரை சென்டிமீட்டர் அமுங்கினால், அதன் இயல்பான ஆட்டம் வினாடிக்கு ஏறத்தாழ 4 முறை. அந்த எண்ணைப் போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளை அது குறைக்கும். 4ஐ ஒட்டிய அதிர்வுகளையோ ஊஞ்சலைத் தள்ளுவதுபோல் பெரிதாக்கிவிடும். ஊசிக்கையும் அவ்வாறே. கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து உணர்த்தும் நிறை 18 கிராம், ஊசியின் நெகிழ்ச்சி அதற்குரிய அலகில் 15 என்றால் ஒத்ததிர்வு 10 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். நல்ல வடிவமைப்பாளர் இவற்றை வகுப்பு அட்டவணைபோல் அடுக்குகிறார். தட்டின் சுழற்சி 0.56, வில் 4, ஊசிக்கை 10, இசை 20க்கு மேல். ஒருவர் பாடவேளையில் மற்றவர் நுழைவதில்லை.

மூன்றாம் பகைவன் இசையேதான். ஒலிபெருக்கியின் ஓசை காற்று வழியாகத் திரும்பி வந்து தட்டை அசைக்கும். அளவு மீறினால் கருவி ஊளையிடும். ஊசி பள்ளத்தில் உரசுவதாலும் தட்டினுள் அதிர்வு பரவும். கோயில் மணியைத் தட்டிவிட்டுக் கையால் தொட்டால் ஓசை அடங்குகிறதல்லவா? தொட்ட கை அந்த ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. உலோகத்தாலான சுழல்தட்டும் மணிபோல் ஒலிக்கக்கூடியது. அதனால்தான் சிலர் இசைத்தட்டின் தன்மைக்கு நெருங்கிய அக்ரிலிக்கில் சுழல்தட்டு செய்கிறார்கள். சிலர் இரு கடினத் தகடுகளுக்கு நடுவே பிசுபிசுப்பான ஒரு படலத்தை வைக்கிறார்கள். அதிர்வு அந்தப் படலத்தைப் பிசைந்து பிசைந்து சிறு வெப்பமாக மாறி அழிந்துபோகும்.

எல்லாரும் வில்லை நம்புவதில்லை. இங்கிலாந்தின் ரேகா நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ராய் கேண்டி, சுழலி இலேசாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும் என்ற கொள்கையுடையவர். எடை கூடினால் அது ஆற்றலைச் சேர்த்து வைத்துப் பின்னர் வெளிவிடும் என்பது அவர் வாதம். வேறு சிலர் அசைக்கவே முடியாத பெரும்பாரத்தை நாடுகிறார்கள். மூன்று வழியிலும் நல்ல கருவிகள் பிறந்திருக்கின்றன. தடுப்பது, வடியவிடுவது, அழிப்பது என்று அதிர்வை அடக்கப் பல முறைகள் உண்டு.

இவ்வளவு அறிவும் அடங்கிய அந்தக் கருவி மாமா வீட்டில் முதல் மாதம் தோற்றுப்போனது. பேரப்பிள்ளைகள் நடந்தாலே ஊசி தாவியது. பலகைத் தரையின் ஆட்டமும் வில்லின் ஆட்டமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் இருந்ததே காரணம். தாவும் ஊசி பள்ளத்தைக் கீறிவிடும். அவற்றுள் பல தட்டுகளுக்கு மாற்றுப் படி கிடைப்பது அரிது. மாமா தம் பழைய தொழிலுக்குத் திரும்பினார். செங்கல் சுவரில் இரும்புத் தாங்கிகளை இறுக்கி, ஒரு பலகையைப் பொருத்தி, சுழலியை அதன்மேல் ஏற்றினார். நூறு வெள்ளிக்கும் குறைந்த செலவு. அன்று மாலை ஒரு நாகசுரத் தட்டு ஓடியது. வாசிப்புக்கு முன் கலைஞர் மூச்சிழுக்கும் ஓசையைக் கேட்டு மாமா கையை உயர்த்திக் காட்டினார். அத்தை தேநீரோடு வந்து நின்று கேட்டார். சமாதானம் பேச வேண்டிய தேவை எனக்கு இல்லாமல் போனது.

வில்ச்சூரின் கதை சுழலியோடு முடியவில்லை. பின்னாளில் அவர் செவித்திறன் குறைந்தோருக்கான ஆய்வில் இறங்கினார். குறைவு என்பது எல்லா ஓசையிலும் சமமாக இருப்பதில்லை; உரத்த ஒலி வலிக்கும், மெல்லிய ஒலி கேட்காது. ஆகவே ஒலியைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே சீராக்கும் முறையை 1970களில் வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை பெறாமல் எல்லாரும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். 2011இல் மறைந்தார். மாமா இப்போது செவிக்கருவி அணிகிறார். இரைச்சல் மிகுந்த அறையில் இன்னமும் சிரமப்படுகிறார்.

இப்போது வகுப்பறைக்கு வருவோம். அமெரிக்காவில் 2002இல் வகுக்கப்பட்ட வகுப்பறை ஒலித்தரம், சாதாரண அளவுள்ள காலி அறையின் இரைச்சல் 35 டெசிபலுக்கு மேற்படக்கூடாது என்கிறது. ஆசிரியரின் குரல் இரைச்சலைவிட 15 டெசிபலாவது மேலோங்க வேண்டும் என்பது அத்துறையினரின் பரிந்துரை. பெரியவர்களாகிய நாம் காதில் விழாத எழுத்தைப் பொருளறிந்து நிரப்பிக்கொள்கிறோம். மொழியை இப்போதுதான் கற்கும் குழந்தை எதைக் கொண்டு நிரப்பும்? வலி, வழி, வளி என்று நாம் தெளிவாகவே உச்சரித்தாலும் அந்த நுண்ணிய வேறுபாட்டை ஒரு மின்விசிறி விழுங்கிவிடலாம்.

எங்கள் பள்ளியில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், சாலையோரச் சன்னலின் அருகே அமர்ந்திருந்தான். சொல்வதெழுதுதலில் லகர, ழகர, ளகரங்கள் அவனுக்கு வாரந்தோறும் இடம் மாறின. கவனமில்லாத பிள்ளை என்று பலர் சொல்லக் கேட்டு அவன் தாயார் கலங்கியிருந்தார். மாமாவின் சுவர்ப் பலகை என் நினைவுக்கு வந்தது. அவனை முன் வரிசைக்கு, சன்னலுக்கும் பழைய விசிறிக்கும் எட்டத்தில் மாற்றினேன். செவிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுமாறு தாயாரிடம் கூறினேன். ஒரு காதில் கேட்கும் திறன் குறைவு என்று தெரியவந்தது, சிகிச்சை நடைபெறுகிறது. பிழைகள் முற்றாக மறையவில்லை. ஆனால், இப்போது கேட்காத சொல்லை "டீச்சர், திரும்பச் சொல்லுங்க" என்று அவனே கேட்கிறான்.

ஆசிரியர்களே, குரலை உயர்த்துவதற்கு முன் இரைச்சலின் ஊற்றைத் தேடுங்கள். நாற்காலிக் கால்களுக்கு இரப்பர் மூடி போடுங்கள். கடகடக்கும் விசிறியைப் பழுதுபார்க்கச் சொல்லுங்கள். பெற்றோர்களே, பிள்ளை வாசிக்கும் அரைமணி நேரம் தொலைக்காட்சியை அணைத்து வையுங்கள். தொடர்ந்து எழுத்துகளைக் குழப்பும் பிள்ளையைக் கடிவதற்குமுன் ஒருமுறை காதுகளைச் சோதித்துப் பாருங்கள்.

உங்கள் வகுப்பறையிலும் வீட்டிலும் இதுபோன்ற அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.