கேட்கத் தெரிந்தவளே நகைக்கு உரியவள்



சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வசிக்கும் எங்களுக்கு நகைக்கடைகள் அயல்வீடுகளைப் போன்றவை. மாலை வேளையில் கடைவீதிப் பக்கம் நடந்தாலே கண்ணாடிக்குள் ஒளிரும் ஆரங்களும் அட்டிகைகளும் கண்ணைப் பறிக்கும். செவ்வாய்ப்பேட்டைக்குச் சென்றாலோ வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். சேலத்துக் கொலுசின் புகழை நாடே அறியும். இத்தகைய ஊரில் வாழும் நாம், நகை அணிவதில் காட்டும் ஆர்வத்தில் பாதியையேனும் அதனை அறிந்துகொள்வதில் காட்டுகிறோமா?

“நிக்காஹ் வீட்டுக்குக் கழுத்து நிறைய நகையோடு போனால்தான் தலைநிமிர்ந்து உட்கார முடிகிறது” என்று சொல்லாத பெண் அரிது. அந்த நிமிர்வு எத்துணை நேரம் நிலைக்கும்? நம்முடையதைவிடக் கனமான ஆரம் ஒன்று அடுத்தவர் கழுத்தில் தென்படும் வரைதான்!

என் தமக்கையார், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தம் கல்வைத்த அட்டிகையை விற்கச் சென்றார். வாங்கியபோது அது 5 சவரன். அதாவது 40 கிராம். விற்கும்போதோ கல்லுக்கும் அரக்குக்குமாக 7 கிராமைக் கழித்து, 33 கிராமுக்கே விலை போட்டனர். கழித்தது முறைதான்; கல்லும் அரக்கும் தங்கமாகா. ஆனால், அன்று அவருக்கு அதை விற்ற வேறொரு கடையில் அந்த 7 கிராமுக்கும் தங்கத்தின் விலையையே வாங்கியிருந்தனர். பழைய ரசீதில் கல் எடை தனியே குறிக்கப்படவுமில்லை. கட்டணத்தின் மீதியை அவர் கைமாற்று வாங்கித்தான் கட்ட நேர்ந்தது.

“வாங்கும்போதே கேட்டிருக்கலாமே, அக்கா?” என்றேன்.

“கல் எடை எவ்வளவு என்று கேட்டால், வசதியில்லாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று கூச்சமாக இருந்தது” என்றார்.

சகோதரிகளே, ஏறத்தாழ ஒரு சவரன் கரைந்தது அந்தக் கூச்சத்தில்தான். கழுத்தில் 5 சவரன் கிடந்தும், ஒரு கேள்வி கேட்கும் துணிவை அது தரவில்லை. அறிவே அத்துணிவைத் தரும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தங்கத்துக்குக் ‘காரட்’ என்பது தரம். 24 பங்கில் 22 பங்கு தங்கம் இருப்பது 22 காரட். அதனையே 916 என்று முத்திரையிடுகின்றனர். கல்லுக்கோ ‘காரட்’ என்பது எடை. 5 காரட் சேர்ந்தால் 1 கிராம்.

கல்லின் பட்டையும் வெறும் அலங்காரமன்று. ஒவ்வொரு கல்லின் இயல்புக்கும் ஏற்ற வெட்டு உண்டு. வைரத்துக்குரிய ‘பிரில்லியன்ட்’ வெட்டில் 57 அல்லது 58 பட்டைகள் இருக்கும். மேலே நுழையும் ஒளி உள்ளே பட்டுத் திரும்பி மேல்வழியே வெளிவருவதால்தான் அந்த மினுமினுப்பு. மரகதம் எளிதில் விள்ளக்கூடியது. ஆதலால் நீள்சதுரமாக வெட்டி, நான்கு மூலைகளையும் மழித்துவிடுவர். நம் கொங்கு மண்ணின் காங்கயம் பகுதியில் கிடைக்கும் சந்திரகாந்தக் கல்லைப் பட்டையின்றி வழவழப்பான குமிழாகத் தேய்ப்பர். அப்போதுதான் அதனுள் நிலவொளி தவழும். முத்து மிக மென்மையானது. அத்தர் பூசி முடித்த பிறகே முத்துமாலையை அணிய வேண்டும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அறிஞர் அல்பிரூனி, கற்களை நீரில் இட்டு, அவை வெளியேற்றும் நீரை நிறுத்துக் கற்களின் அடர்த்தியைக் கணித்தார். இரத்தினங்களைப் பற்றித் தனி நூலே இயற்றினார். கல்லை எடைபோட்டு அறிவது நம் அறிஞர் மரபும் ஆகும்.

இன்று சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. பி.ஐ.எஸ். சின்னம், தர எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்கக் குறியீடு ஆகிய மூன்றும் நகையில் இருத்தல் வேண்டும். அக்குறியீட்டை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். ஆனால் அம்முத்திரை தங்கத்தின் தரத்துக்கே சான்று, கல்லுக்கு அன்று. குந்தன், போல்கி, ஜடாவ் வகை நகைகளுக்கு இக்கட்டாயத்திலிருந்து விலக்கும் உண்டு. ஆகவே கல் மிகுந்த நகையை வாங்குகையில் கூடுதல் கவனம் தேவை. மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை, செய்கூலி, சேதாரம் ஆகியவற்றைத் தனித்தனியே ரசீதில் எழுதித் தரும்படி கேளுங்கள்.

இக்கணக்கு மார்க்கக் கடமைக்கும் உதவும். தங்கத்துக்கு ஜகாத்தின் அளவு ஏறத்தாழ 85 கிராம். 87½ கிராம் என்று கணக்கிடுவோரும் உளர். வணிகத்துக்கு அல்லாத இரத்தினக் கற்களுக்கு ஜகாத் இல்லை. அணியும் நகைக்கு ஹனஃபி மத்ஹபில் ஜகாத் உண்டு. ஷாஃபி மத்ஹபில், ஆகுமான முறையில் அணியும் நகைக்கு இல்லை. எவ்வாறாயினும், நம்மிடமுள்ள தங்கம் எவ்வளவு என்று தெரியாமல் கணக்கிடுவது எங்ஙனம்? மஹராகப் பெற்ற நகை பெண்ணின் தனிச்சொத்து. தன் சொத்தின் அளவை அவளே அறிந்திருக்க வேண்டாமா?

இத்துணிவு நகைக்கடையோடு நின்றுவிடாது. தராசின் முன் வாய்திறந்து பழகியவள், மருத்துவரிடம் மருந்தைப் பற்றியும் பள்ளியில் கட்டணத்தைப் பற்றியும் தயக்கமின்றிக் கேட்பாள். மெல்லிய சங்கிலி ஒன்றை மட்டும் அணிந்து திருமண வீட்டுக்குச் சென்றாலும் அவள் குன்றிப்போக மாட்டாள்.

அடுத்த முறை கடைக்குச் செல்கையில் உங்கள் மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கல் எடை எவ்வளவு என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். வஸ்ஸலாம்.