அலுமாரியில் உறங்கிய கமரா

பொருள்களைப் பத்திரப்படுத்துதல் நம் வீட்டிலே ஒரு தனிக்கலை. நல்ல கோப்பை விருந்தினர் வரும்வரை வெளிவராது. நல்ல குடை மழைக்கு எடுக்கப்படாது. அவ்வழக்கின்படியே, தந்தையார் 2014ஆம் ஆண்டிற் காலமானபின், அவருடைய சிறிய டிஜிற்றல் கமராவையும் பட்டுத்துணியிற் சுற்றி அலுமாரியின் மேற்றட்டில் வைத்துப் பூட்டினோம்.

போர் ஓய்ந்த மறு ஆண்டில், 2010இல், கனடாவிலிருந்து வந்த தங்கை கொணர்ந்த கமரா அது. தந்தையார் அதுகாறும் கமராவைக் கையால் தொட்டவரல்லர். தொட்டபின் விட்டவருமல்லர். கோயிற்றேர், வீட்டுப் பசு, கிணற்றடி வாழை, முற்றத்துச் செவ்வரத்தை யாவும் படமாயின. எடுத்ததும் அம்மாவைக் கூவியழைத்து, இரண்டரை அங்குலத் திரையிலே காட்டுவார். அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி வருவதற்குள் திரை அணைந்துவிடும். சலியாமல் மீண்டும் போடுவார்.

சென்ற மாதம் ஒரு மாலை அம்மா நம்மை அழைத்து, "தம்பி, அப்பாவின்ரை கமராவை ஒருக்கா எடுத்துத் தா" என்றார். எடுத்தோம். உயிரில்லை. பற்றரியை மின்னேற்றியில் இட்டோம். விளக்கு விட்டுவிட்டு மினுங்கியதேயன்றி மின் ஏறவில்லை. நம் மகன் நினைவகத் தகட்டை உருவிக் கணினியிற் செருக, படங்கள் அனைத்தும் பழுதின்றித் தோன்றின. காரியம் முடிந்ததென்று மகிழ்ந்தோம். அம்மா சற்று நேரம் பார்த்திருந்து, "உது பெரிசாய்க் கிடக்கு. அவர் காட்டுறது போலை இல்லை" என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

இனிப் புதிய பற்றரி தேடுவதன்றி வேறு வழியில்லை.

பத்திரமாக வைத்த பற்றரி ஏன் மாண்டது? பௌதிகம் கற்பிக்கும் நாம் வெட்கத்துடன்தான் விடை கூறவேண்டும்: நாமே கொன்றோம். இத்தகைய இலிதியம் அயன் மின்கலம் 1991இற் சந்தைக்கு வந்தது. அதனை உருவாக்கிய மூவர்க்கு 2019இல் நோபெல் பரிசு கிடைத்தது. அவருள் ஜோன் குடினஃப் என்பார்க்கு அப்போது வயது 97. அதன் ஒரு புறத்தே காரீயம். நம் நாட்டுப் போகலைச் சுரங்கத்தில் அகழ்கின்றோமே, அந்த இனப்பொருள். மறுபுறத்தே கோபாற்று ஒட்சைட்டு. யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே நாள்தோறும் போய்வரும் பேருந்துப் பயணிகளைப் போல, இலிதியம் அயன்கள் இவ்விரண்டிற்கும் இடையே சென்று மீள்கின்றன. மின் வற்றிய நிலையிற் பற்றரியை ஆண்டுக்கணக்காய்க் கிடக்கவிட்டால், எஞ்சிய சிறிதும் கசிந்து, அழுத்தம் தாங்கும் எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். அப்போது உள்ளிருக்கும் செப்புத் தகடும் கரையத் தொடங்கும். அதன்பின் மின்னேற்றுவது ஆபத்தாகையால் மின்னேற்றி மறுத்துவிடுகிறது. பாதியளவு மின்னேற்றி, கமராவினின்று கழற்றி, வெப்பமில்லாத இடத்தில் வைத்து, சில மாதத்துக்கொருமுறை எடுத்துப் பார்த்திருந்தால் அது நெடுநாள் வாழ்ந்திருக்கும். பட்டுத்துணியால் ஒரு பயனுமில்லை.

பழைய பற்றரியின் முதுகிலே 3.7 உவோற்று, 760 மில்லியம்பியர் மணி என எழுதியிருந்தது. நகரத்துக் கடையொன்றில் அதே பருமனில் ஒன்று தந்தார்கள். அதிலே 1800 என்றிருந்தது! விலையும் மலிவு. ஒரு போத்தற் பால் கொள்ளும் செம்பில் இரண்டு போத்தலுக்கு மேல் கொள்ளுமென்று பாற்காரர் சொன்னால் நம்புவோமா? அச்சடித்த எண்ணை நம்பினோம். பத்துப் படத்துக்குள் அது களைத்தது; இரண்டாம் வாரத்தில் வயிறு வீங்கிக் கமராவினுள் இறுகிக்கொண்டது.

திருகாணிச் செலுத்தியால் நெம்ப முனைந்தோம். நம் மனைவியார் கையைப் பிடித்துத் தடுத்தார். அவர் பௌதிகம் கற்றவரல்லர். ஆனால் வீங்கியதைக் குத்தலாகாது என்பதை அறிந்திருந்தார். அது முற்றிலும் மெய். துளைபட்டால் உள்ளே குறுஞ்சுற்று உண்டாகும். உள்ளிருக்கும் திரவமோ எளிதில் தீப்பற்றுவது. பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் கமராவின் அடியைத் தம் உள்ளங்கையில் மெல்ல மெல்லத் தட்டிக் குழந்தைக்கு ஏப்பம் வரப்பண்ணுவது போல அதை வெளியே வருவித்து, மணல் நிறைந்த பேணியில் இட்டு, "சேர், மலிவெண்டு இனி உதை வாங்காதேங்கோ" என்றார். மாணவர்க்கு நாம் நாளும் கூறும் தொனியிலேயே கூறினார்.

சரியான பற்றரி கொழும்பிலிருந்து, புகையிரதத்தில் வந்த பழைய மாணவர் ஒருவரின் சட்டைப்பையில் வந்து சேர்ந்தது. அதிலும் 760 என்றே இருந்தது கண்டு ஆறுதலுற்றோம். செம்மஞ்சள் விளக்குப் பச்சையாக ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அம்பு காட்டிய திசையிற் செருகி, மூடியைச் சாத்தி, பொத்தானை அழுத்தினோம். கமரா கண் விழித்ததும் முதலில் நம்மைக் கேட்டது: இன்று என்ன திகதி? நாளைக் காக்கும் சிறிய மின்கலமொன்றும் அதனுள் உண்டு; பெரியதிலிருந்து பருகியே அது பிழைப்பதால் அதுவும் வற்றியிருந்தது. திகதியைக் குறித்துக் கொடுத்து, அம்மாவிடம் நீட்டினோம்.

ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். எடுத்தவர் அவராகையால் தந்தையார் எப்படத்திலும் இல்லை. ஒன்றிலே மட்டும் முற்றத்து மணலில் அவருடைய நிழல், முழங்கை இரண்டும் உயர்ந்தபடி நீண்டு கிடந்தது. அம்மா அதிலே நெடுநேரம் நின்றார். பிறகு, "செவ்வரத்தை பூத்துக் கிடக்கு, ஒண்டு எடு" என்றார்.

எடுத்தோம். தந்தையாருடைய கடைசிப் படத்தின் இலக்கம் 0412. இதற்குக் கமரா தானாகவே 0413 என்று இட்டது. அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் திரை அணைந்துவிட்டது, மீண்டும் போட்டோம்.