மேற்குக் கரையிலிருந்து – 7: விடியாத வழி

சென்ற வாரம் ஃப்ரீமேன்டில் துறைமுகத்தோடு நிறுத்தியிருந்தேன். அடுத்தது பெர்த் விமான நிலையம். அங்கிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு, நடுவில் எங்கும் இறங்காத குவாண்டாஸ் விமானம். 2018 மார்ச்சில் தொடங்கிய சேவை இது. 1947இல் அதே நிறுவனம் சிட்னியிலிருந்து லண்டனுக்கு விமானம் விட்டபோது, ஊர் ஊராக இறங்கி ஏறிப் போய்ச் சேர 4 நாள் ஆனது.

தூரம் சுமார் 14,500 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்துப் பார்த்தால் 16 மணி நேரம் வருகிறது. அட்டவணையிலோ 17 மணி நேரத்துக்கும் மேல். முதல் காரணம் காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக் காற்றை எதிர்த்துத்தான் லண்டனுக்குப் போக வேண்டும். திரும்பி வருகிறவர்களுக்கு அதே காற்று துணை, நேரமும் குறைவு.

இன்னொரு காரணம், தரையில் நடக்கும் போர்கள். ஊருக்குத் திரும்பியதும் பூகோள உருண்டையில் பெர்த்துக்கும் லண்டனுக்கும் நூல் பிடித்துப் பார்த்தேன். இலங்கையைக் குறுக்கே வெட்டி, மதுரையை ஒட்டி, ஈரான், கருங்கடல் தாண்டி, உக்ரைனின் ஒடெஸா பக்கமாகப் போனது நூல். மதுரைக்காரனான எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் அந்தக் கோட்டில் அப்படியே பறக்க வழியில்லை. உக்ரைன் வானம் 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. 2024 ஏப்ரலில் ஈரான் பக்கம் பதற்றம் மூண்டபோது, சுற்றிப் போக எரிபொருள் போதாமல் இந்த விமானமே சிங்கப்பூரில் இறங்கி நிரப்பிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

போர் இந்தப் பாதையை வளைப்பது புதிதல்ல. 1942இல் ஜப்பானியரிடம் சிங்கப்பூர் விழுந்ததும் ஆஸ்திரேலியாவின் விமான வழி அறுந்துபோனது. மறு ஆண்டு, பெர்த்தின் ஸ்வான் ஆற்றுக்கும் இலங்கையில் காலிக்குப் பக்கத்துக் கொக்கலை ஏரிக்கும் இடையே கேட்டலினா விமானங்கள் ஓடத் தொடங்கின. தண்ணீரிலேயே ஏறி இறங்கும் வகை. எரிபொருள் பாரத்தால் 3 பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. எதிரிக்குத் தெரியாமலிருக்க வானொலியை வாய் திறக்கவிடாமல், நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள். கடலைக் கடக்க 27 முதல் 33 மணி நேரம். ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயம் பார்த்துவிடுவார்கள் என்பதால் அந்தச் சேவைக்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்றே பெயர். பயணிகளுக்குச் சான்றிதழும் உண்டு. கீழே நிலமென்று ஒன்றுமில்லாத அந்தக் கடல்மீது இரவெல்லாம் விழித்திருந்த விமானிகளை நினைக்க நினைக்க எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

அதே கடலை நாங்கள் ஆறேழு மணி நேரத்தில் தாண்டினோம். எங்களுக்கு ஒரு சூரியோதயமும் வாய்க்கவில்லை. அந்தி மங்கும்போது கிளம்பி மேற்கே போனதால் இரவும் கூடவே வந்தது. ஹீத்ரோவில் இறங்கியபோதும் நவம்பர் இருட்டு.

பக்கத்து இருக்கைப் பெரியவர் 1960களில் சிறுவனாகப் பெற்றோருடன் கப்பலேறி, ஒரு மாதம் போல் பயணம் செய்து ஃப்ரீமேன்டிலில் இறங்கியவர். இப்போது கார்ன்வாலில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போகிறார். பையை எடுத்துக் கொடுத்து, "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றேன்.

"எங்கே? பாடிங்டன் போய் ரயில் பிடித்தால் பென்சான்ஸுக்கு இன்னும் 5 மணி நேரம் இருக்கிறதே" என்று கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டே நடந்தார்.