கவலையில் கிடக்கும் உடம்பில் தடுப்பூசி வேலை செய்யுமா?

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் போட்டுக்கொண்டார். 17-ம் தேதி அதிகாலை மாரடைப்பால் இறந்தார். அந்தச் செய்தி எங்கள் லப்பைக்குடிக்காட்டுக்கு வாட்ஸ்அப்பில் வந்தபோது, ஊசிதான் காரணம் என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிட்டது. தடுப்பூசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் நிபுணர் குழு சொன்ன செய்தி வெளிவர அக்டோபர் ஆனது.

ஊரே மாரடைப்புக்குப் பயந்துகொண்டிருக்க, என் பெரியம்மாவின் சந்தேகம் வேறாக இருந்தது. பெரியத்தாவுக்கு மறதி நோய். மகன்கள் இருவரும் வளைகுடாவில். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, நடுராத்திரியில் வாசலைத் திறந்துகொண்டு கிளம்புகிறவரைப் பிடித்து வந்து படுக்கவைப்பது எல்லாமே பெரியம்மாதான்.

"நிம்மதியா தூங்கி ரெண்டு வருசமாச்சு. இந்த உடம்புல ஊசி போட்டா மட்டும் புடிக்கவா போகுது?" என்றார்.

நான் அப்போது இதழியல் டிப்ளமோ மாணவி. சமாதானம் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கேள்வியில் நியாயம் இருந்தது!

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவர் கணவர் ரொனால்ட் கிளேசரும் 1996-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கிடைத்தது. மறதி நோயுள்ள கணவனையோ மனைவியையோ பராமரிக்கும் 32 பேர், அதே வயதில் அந்தச் சுமை இல்லாத 32 பேர் என இரு தரப்புக்கும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சுமையில்லாதவர்களில் 66 சதவிகிதம் பேருக்கு எதிர்ப்பாற்றல் நன்றாக உருவானது. பராமரிப்பவர்களிலோ 38 சதவிகிதம் பேருக்குத்தான். நாள்பட்ட கவலையில் சுரக்கும் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் நோய் எதிர்ப்புச் செல்களை மந்தமாக்குவது இதற்கு ஒரு காரணம்.

அது ஃப்ளூ ஊசி, கொரோனா ஊசி அல்ல. ஊசிக்கு முதல் நாள் வரும் படபடப்பையும் இதில் சேர்க்கக் கூடாது; ஊசி போட்டதும் சிலர் மயங்கி விழுவது பயத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால். இங்கே பேச்சு வருடக்கணக்கான பாரத்தைப் பற்றி. அந்தப் பாரமும் ஊசியின் பலனைக் குறைக்கிறதே தவிர, அழித்துவிடுவதில்லை. எதிர்ப்பாற்றல் குறைவாக வரக்கூடிய உடம்புக்குத்தான் ஊசி அவசரமாகத் தேவை. பெரியம்மாவிடம் நான் சொன்னதும் இதைத்தான். இரண்டு தவணையும் போட்டுக்கொண்டார்.

2003-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், இப்படிப் பராமரிக்கும் முதியவர்களுக்கு எட்டு வாரம் மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சி கொடுத்து, பிறகு ஃப்ளூ ஊசி போட்டார்கள். பயிற்சி பெற்றவர்களில் பாதிப் பேருக்கு எதிர்ப்பாற்றல் நன்றாக வந்தது. பெறாதவர்களில் மிகச் சிலருக்கே வந்தது. எங்கள் ஊரில் அந்தப் பயிற்சிக்கு எங்கே போவது? அந்த வாரம் முதல் ராத்திரிக் காவலை நானும் அக்காவும் முறைபோட்டுப் பார்த்துக்கொண்டோம்.