தரையில் ஒரு கவிழ்ப்பு

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பார்கள். தரையில் நீச்சல் பழக முடியுமா என்று யாராவது கேட்டால், உடனே இந்தப் பழமொழியைத்தான் எடுத்து விடுவோம். ஆனால் கயாக் படகு கவிழ்ந்தால் நிமிர்வது எப்படி என்பதைத் தண்ணீரே இல்லாத இடத்தில் பழகியவர்கள் இருக்கிறார்கள். பொழுதுபோக்குக்காக அல்ல, உயிர் பிழைக்க!

கயாக் என்ற சொல்லே இன்யூட் மக்களுடையதுதான். கிரீன்லாந்தில் சீல் வேட்டைக்குப் போன ஆண்களின் படகு அது. மிகவும் ஒடுக்கமானது. கால்களை உள்ளே நீட்டி உட்கார்ந்தபின், சீல் தோலில் செய்த மேல்சட்டையைப் படகின் வாய் விளிம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிடுவார்கள். முகத்திலும் மணிக்கட்டிலும்கூட இறுக்கம்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. ஆனால் கவிழ்ந்துவிட்டால்? சட்டென்று வெளியே வர முடியாது. வந்தாலும், பனிக்கட்டி மிதக்கும் கடலில் எத்தனை நிமிடம் தாக்குப்பிடிப்பது? வேட்டைக்காரர்களில் பலருக்கு நீச்சலே தெரியாது. அந்தக் குளிரில் எங்கே போய்ப் பழகுவது!

ஆகவே ஒரே வழிதான். இடத்தை விட்டு நகராமல், துடுப்பையும் இடுப்பையும் வைத்துப் படகோடு சேர்ந்து சுழன்று மேலே வர வேண்டும். இதற்குத்தான் 'ரோல்' என்று பெயர். டேவிட் கிரான்ட்ஸ் என்பவர் 1765இல் வெளிவந்த தன் கிரீன்லாந்து வரலாற்று நூலில் இப்படிப்பட்ட பத்துப் பயிற்சிகளை விவரித்திருக்கிறார். துடுப்பு கைநழுவிப் போனால் என்ன செய்வது என்பதையும் அவர்கள் யோசித்து வைத்திருந்தார்கள்.

தரையில் அவர்களுக்குக் கைகொடுத்தது கயிறு. இரண்டு கயிறுகளை அருகருகே இழுத்துக் கட்டி, அவற்றில் ஏறி, தலைகீழாகச் சுழன்று மறுபடி மேலே வர வேண்டும். கைக்கும் வயிற்றுக்கும் பலம் கிடைக்கும். அதைவிட முக்கியம், தலைகீழாகத் தொங்கும்போது பதறாமல் இருக்கப் பழகுவது. 1980களில் கிரீன்லாந்தில் கயாக் சங்கங்கள் மீண்டும் உயிர்பெற்றபின், இந்தக் கயிற்றுப் பயிற்சி அவர்களுடைய தேசியப் போட்டியில் தனிப் பிரிவாகவே இடம்பெற்றிருக்கிறது. அதே போட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட ரோல் வகைகள் உண்டு. கையில் ஒரு கனமான கல்லைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதும் அதில் ஒன்று.

சரி, தரையில் பழகி என்ன லாபம்? புதிதாக ரோல் கற்பவர் செய்யும் பெரிய தப்பு, தலையை முதலில் தூக்குவது. மூச்சு முட்டும்போது வாய் காற்றைத்தான் தேடும். இயல்புதானே? ஆனால் தலை நாலைந்து கிலோ கனம். அதைத் தூக்கினால், உடம்பு படகைத் திரும்பவும் கவிழ்கிற பக்கமே இழுக்கும். முதலில் இடுப்பும் முழங்காலும் படகை நிமிர்த்த வேண்டும், பிறகு உடம்பு, கடைசியாகத் தலை. பயத்துக்கு நேர் எதிரான வரிசை இது. தண்ணீருக்கடியில் யோசித்துச் செய்ய நேரம் கிடையாது. யோசிக்காமலே வர வேண்டுமென்றால் அதற்கு முன்பே பலமுறை செய்திருக்க வேண்டும்.

வீட்டிலும் செய்யலாம். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, வலப்பக்கம் சாய்ந்து, கையைத் தலையணையில் ஊன்றி, தலையை அந்தக் கைமேல் சாய்த்துக்கொள்ளுங்கள். தலையைத் தூக்காமல் வலது முழங்காலை மட்டும் மேலே இழுத்து இடுப்பைத் திருப்புங்கள். அவ்வளவுதான். பிறகு மறுபக்கம். படகு கிடைத்தால் புல்தரையில் வைத்து உட்கார்ந்துகொண்டு, ஒரு நண்பரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கச் சொல்லலாம். துடுப்பை முன்னாலிருந்து வெளிப்பக்கமாக அரைவட்டம் வீசும்போது, கண் துடுப்பின் நுனியையே பார்க்க வேண்டும். கண் அங்கே இருந்தால் தலை தானாகத் தாழ்ந்தே இருக்கும்.

இதற்கு எல்லையும் உண்டு. தரை ஆளைத் தாங்குவதுபோல் தண்ணீர் தாங்காது. துடுப்பைத் தரையில் ஊன்றி எழப் பார்த்தால் தோள்பட்டைதான் போகும். மூக்கில் தண்ணீர் ஏறுவதையும், குளிர்ந்த நீரில் விழுந்ததும் தன்னை அறியாமல் மூச்சு வாங்குவதையும் எந்தப் புல்தரையும் சொல்லித்தராது.

ஏன், ரோல் தெரிந்தவருக்கே கடல் உத்தரவாதம் தந்ததில்லை. இங்கிலாந்தின் ஜினோ வாட்கின்ஸ் 1930-31 பயணத்தின்போது கிரீன்லாந்துக்காரர்களிடமே ரோல் கற்றவர். 1932 ஆகஸ்ட் 20 அன்று கிழக்கு கிரீன்லாந்தில் தனியாக சீல் வேட்டைக்குப் போனார். ஆளில்லாத கயாக்தான் கிடைத்தது. உடல் கிடைக்கவே இல்லை. அவருக்கு வயது 25.

அப்படியானால் தரைப் பயிற்சி ஏட்டுச் சுரைக்காய்தானா? நம்மூர்க் கிணறுகளில் நீச்சல் பழகும் பிள்ளையின் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிவிடும் வழக்கம் உண்டு. அதுவும் சுரைக்காய்தான். ஆனால் அது ஏட்டில் இல்லை, முதுகில் இருக்கிறது. பயம் தெளியும்வரை மிதக்க வைக்கும். பிறகு ஒருநாள் அதை அவிழ்த்துவிட்டுக் குதிக்க வேண்டியதுதான். முதல் தடவை குதிக்கும்போது மட்டும், பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும்.