மலையடியில் ஒரு நூலகக் குடும்பம்

கொழும்பிலிருந்து மலைநாடு நோக்கி ஏறும் புகையிரதப் பாதை பேராதனைச் சந்தியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று கண்டிக்கும், மற்றொன்று பதுளைக்கும் செல்லும். பேராதனைக்கு வருவோரிற் பலர் 1821ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற பூந்தோட்டத்தைக் கண்டு களித்துத் திரும்புவர். அதற்கு அண்மையில், ஹந்தானை மலையடியில், நூல்களாலான தோட்டமொன்றும் உண்டு. அதனையும் ஒருமுறை பார்த்து வருவோம்.

இலங்கைப் பல்கலைக் கழகம் 1942ஆம் ஆண்டிற் கொழும்பிலே தோன்றி, 1952ஆம் ஆண்டில் முறைப்படி பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. நூலகமும் உடன் வந்தது. கலகா வீதியிலுள்ள பிரதான நூலகம் ஓலைச் சுவடிகளையும் போற்றிக் காக்கின்றது. இந்நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதிகளைச் சட்டப்படி பெறும் நூலகங்களுள் அதுவும் ஒன்று. ஆதலால் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வெளிவந்த சிறு நூலுக்கும் அங்கே இடமுண்டு.

ஆயினும் அது தனித்த நூலகமன்று. ஒரு குடும்பத்தின் தாய். 1962ஆம் ஆண்டில் மருத்துவ பீடம் இங்கே தொடங்கியது. 1964ஆம் ஆண்டிற் பொறியியற் பீடம் கொழும்பிலிருந்து வந்து மகாவலியின் மறுகரையில் அமைந்தது. இவற்றுக்கும், விவசாயம், விஞ்ஞானம், மிருக வைத்தியம், பல் வைத்தியம் ஆகிய பீடங்களுக்கும் தனித்தனி நூலகங்கள் உள்ளன. நோயாளியைப் பார்த்துவிட்டு வரும் மாணவன் தன் ஐயத்தைத் தீர்க்க மலைச்சரிவில் நெடுந்தூரம் நடத்தல் இயலுமா? தொழில் நடக்குமிடத்தில் நூலும் இருத்தல் வேண்டும். இப்பிரிவின் நியாயம் அதுவே.

ஆனால் நூல்கள் பிரிந்திருப்பதுபோல அறிவும் பிரிந்து நின்றால் யாது நேரும்? எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். 2008ஆம் ஆண்டில் அது நம் நாட்டிற் பெருமளவிற் பரவிற்று. எலிகளின் சிறுநீரிலும், மாடு முதலியவற்றின் சிறுநீரிலும் வெளிப்படும் கிருமி வயற்சேற்றிற் கலந்து, உழவனின் காலிலுள்ள சிறு காயத்தின் வழியே உடலிற் புகுகின்றது. அவனுக்குரிய சிகிச்சை மருத்துவ நூலகத்தில் உண்டு. மாட்டைப் பற்றிய அறிவு மிருக வைத்திய நூலகத்தில். எலியின் வாழ்க்கை விஞ்ஞான நூலகத்தில். நெற்செய்கை விவசாய நூலகத்தில். நீர் வடியும் முறை ஆற்றுக்கு அப்பாலுள்ள பொறியியல் நூலகத்தில். அவ்வுழவன் ஏன் வெறுங்காலோடு வயலில் இறங்குகிறான் என்பதை அறியப் பிரதான நூலகத்துச் சமூகவியல் நூல்களை நாட வேண்டும். உழவனோ ஒருவனே. அவனைக் காக்க வேண்டிய அறிவு ஆறு கட்டடங்களில் இருக்கின்றது.

இவ்வாறு துறை கடந்து கற்றவர் நம்மிடையே இருந்ததில்லையா? 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக் கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரான சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானமும் பயின்றவர். 1947ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது 'யாழ் நூல்' இலக்கியம், இசை, கணிதம் ஆகிய மூன்றையும் ஒன்றாக இணைத்தது. இலக்கியத்தை மட்டும் கற்றவரால் அந்நூலை இயற்றியிருத்தல் அரிது.

பல்கலைக் கழகம் புகவிருக்கும் மாணவ மாணவியர்க்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. உங்கள் பீடத்து நூலகத்தை உங்கள் வீடாகக் கொள்ளுங்கள். ஆனால் வீட்டிலேயே அடைந்து கிடவாதீர்கள். மாதத்தில் ஒரு நாளாவது உங்களுக்குச் சம்பந்தமில்லாத துறையொன்றின் நூலகத்துக்குச் செல்லுங்கள். அங்கே பயிலும் மாணவரோடு உரையாடுங்கள். பெற்றோரும், "பரீட்சைக்கு உதவாத நூல் உனக்கெதற்கு?" என்று கேளாதிருப்பார்களாக. பரீட்சை சில நாட்களில் முடிந்துவிடும். வயலிலே நிற்கும் உழவனின் துன்பம் எந்தப் பாடத்துக்கு உரியதென்று சொல்லிக்கொண்டு வருவதில்லை.