ப்ளீஸ் ரிவர்ட்!

இன்னைக்கு ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்: ரிவர்ட்.

நம்ம ஊர் ஆபீஸ் மெயில் நிறைய இதுலதான் முடியும். "ப்ளீஸ் ரிவர்ட்", "கைண்ட்லி ரிவர்ட் அட் தி எர்லியஸ்ட்"... நாம எடுத்துக்கிற அர்த்தம் ஒண்ணுதான். பதில் போடுங்க!

ஆனா பொதுவா இங்கிலாந்து, அமெரிக்காக்காரங்களுக்கு ரிவர்ட்னா பழைய நிலைக்குத் திரும்பறது. கூடவே 'டு' வரும். சிகரெட்டை விட்டவர் ஆறு மாசம் கழிச்சு மறுபடி பத்த வச்சா, பழைய பழக்கத்துக்கு ரிவர்ட் ஆயிட்டார். குத்தகை முடிஞ்சா நிலம் உரிமையாளருக்கே ரிவர்ட் ஆகும். 1997-ல் ஹாங்காங் சீனாவிடம் திரும்பிப் போனதையும் இப்படிச் சொல்லலாம்.

நம்ம தொழில்ல இன்னும் கறார். கிட்ல ரிவர்ட் கொடுத்தா, முன்னாடி செஞ்ச மாற்றத்தை ரத்து செய்யற புது கமிட் ஒண்ணு விழும்.

இந்த ரெண்டு அர்த்தமும் மோதினா? எங்க டீம்ல மோதிச்சு. புதுசா சேர்ந்த பொண்ணு, ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். ரெண்டு வார வேலையை முடிச்சு அமெரிக்க க்ளையண்டுக்கு மெயில் போட்டாங்க: "வீ ஹேவ் கமிட்டட் தி சேஞ்சஸ். ப்ளீஸ் ரிவர்ட் பை ஃப்ரைடே." அந்தப் பக்கத்து ஆள் ரொம்ப நல்லவர். வியாழக்கிழமையே ரிவர்ட் பண்ணிட்டார் :-)

கோடு திரும்பி வந்துடுச்சு. ரிவர்ட்டையே ரிவர்ட் பண்ணினா போதும், அஞ்சு நிமிஷ வேலை. ஆனா மீட்டிங்ல பத்துப் பேர் முன்னாடி மேனேஜர், "பேசிக் இங்கிலீஷே தெரியாம வந்துடறாங்க"ன்னார். அதை எப்படி ரிவர்ட் பண்றது? அந்த மீட்டிங்குக்கு அவர் அனுப்பின அழைப்போட கடைசி வரி: "ப்ளீஸ் ரிவர்ட் வித் யுவர் அவைலபிலிட்டி." அந்தப் பொண்ணு கத்துக்கிட்டதே அவர் மெயிலைப் பார்த்துத்தான்!

உண்மையில இது இங்கிலீஷ் தெரியாத குறை இல்லைங்க. 'பதில் அனுப்பு'ங்கற அர்த்தத்தை ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியே இந்திய ஆங்கிலம்னு குறிப்பிட்டு சேர்த்திருக்கு. சிங்கப்பூர், மலேசியாவிலும் இது சகஜம். அமெரிக்கா போக மட்டும் இந்த அர்த்தத்துக்கு இன்னும் விசா கிடைக்கலை, அவ்வளவுதான்.

அதனால வெளிநாட்டு மெயில்ல "ப்ளீஸ் ரிப்ளை", இல்லைன்னா "ப்ளீஸ் கெட் பேக் டு அஸ்". எந்த ஊருக்கா இருந்தாலும் "ரிவர்ட் பேக்" வேண்டாம். அது நடு சென்டர் மாதிரி.

சீனியர்களுக்கு ஒரு வார்த்தை. புதுசா வர்ற பசங்க ஆபீஸ் இங்கிலீஷை இலக்கணப் புத்தகத்துல கத்துக்கறதில்லை. நாம அனுப்பற மெயில்லதான் கத்துக்கறாங்க. திட்டறதுக்கு முன்னாடி நம்ம சென்ட் ஐட்டம்ஸை ஒரு தடவை பார்த்துடுவோம்.